மலைநாடு என்றால் தடித்த ஒயிலா?

"கடுகண்ணாவை ஏற்றம் ஏறும் காருக்கு 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயில்தான் பாதுகாப்பு, பில்டரை ஒரு சேர்விஸ் விட்டு மாற்றலாம்" என்கிறார்கள். இரண்டுமே தவறு.

கண்டி வீதிகளில் ஓடும் முதல் தலைமுறை டொயோட்டா அக்குவாவுக்கு அதன் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 0டபிள்யூ-20. பேராதனை வீதி நெரிசலில் அந்த ஹைபிரிட் எஞ்சின் அடிக்கடி நின்று மீண்டும் இயங்கும். தடித்த ஒயில் குளிர்ந்த எஞ்சினின் மேற்பகுதியை அடையத் தாமதமாகும். பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும்.

பில்டர் அடைபட்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலே பேரிங்குகளுக்குப் போகும்.

ஏற்றமும் நெரிசலும் கடுமையான பாவனைதான். அதற்கு ஒயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டும். தடிப்பைக் கூட்டக் கூடாது. கையேட்டில் உள்ள தரத்தையே கேட்டு வாங்குங்கள். ஒயிலோடு பில்டரையும் தவறாமல் மாற்றுங்கள்.