கேட்கும் முன் ஒழுங்குபடுத்துவோம்

கணக்கு எழுதுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கடைக் கடன் கொப்பி, சீட்டுக் கணக்கு, கல்யாண வீட்டு அழைப்புப் பட்டியல் என எல்லாமே நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகள்தாம். 1979 ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பொப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவர் 'விசிகல்க்' என்னும் மென்பொருள் மூலம் இந்த அட்டவணையைத் தனிக் கணினிக்குள் கொண்டுவந்தனர். இன்று இலத்திரனியல் விரிதாளை நாம் சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலேயே கற்கிறோம்.

இப்போது இன்னொரு மாற்றம் வந்துள்ளது. விரிதாளை அப்படியே ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொடுத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று தமிழிலேயே கேட்கலாம். சில விநாடிகளில் அழகான பதில் வந்துவிடுகிறது. இதனால் இனி அட்டவணை தயாரிக்கும் அறிவு தேவையில்லை என்று மாணவியர் பலர் எண்ணுகின்றனர். அந்த அறிவு முன்னரைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது என்பதே என் கருத்து.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நாற்பது மாணவியர் உள்ள ஒரு வகுப்பில் தவணைப் பரீட்சைக்கு மூவர் வரவில்லை. எழுதிய 37 பேரின் மொத்தப் புள்ளி 2220 என்றால் சராசரி 60 ஆகும். வராத மூவருக்கும் யாரோ பூச்சியம் இட்டுவிட்டால் அதே வகுப்பின் சராசரி 55.5 ஆகிவிடும். பாடத்தில் வகுப்பு பின்தங்கிவிட்டது என்று உதவியாளர் நீண்ட விளக்கமும் எழுதித் தரும். உண்மையில் எவரும் பின்தங்கவில்லை. வராமையும் பூச்சியமும் ஒன்றல்ல என்பதை அட்டவணை சொல்லவில்லை; அவ்வளவுதான்.

நாம் அட்டவணை எழுதும் வழக்கத்தில் இத்தகைய பொறிகள் நிறைய உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கலங்களை இணைக்கிறோம். தலைப்பை மூன்று நிரைகளில் எழுதுகிறோம். பணம் கட்டாதவரின் பெயருக்குச் சிவப்பு நிறம் பூசுகிறோம். நடுவில் 'மொத்தம்' என்று ஒரு நிரை சேர்க்கிறோம். மனிதக் கண் இவற்றைப் புரிந்துகொள்ளும். உதவியாளரிடம் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும்தான் போய்ச் சேர்கின்றன. நிறம் வழியிலேயே உதிர்ந்துவிடலாம். இணைத்த கலத்தில் முதற்கலத்துக்கு மட்டுமே பெறுமானம் இருக்கும். 'மொத்தம்' என்பதும் ஒரு மாணவியாக எண்ணப்படலாம்.

ஆகவே விதிகள் எளியவை. தலைப்புக்கு ஒரே நிரை. ஒரு நிரையில் ஒருவரின் விபரம் மட்டும். ஒரு நிரலில் ஒரே வகைத் தகவல். நிறத்தால் சொல்ல வந்ததை 'கட்டியது', 'கட்டவில்லை' எனத் தனி நிரலில் சொல்லால் எழுதவேண்டும். மொத்தத்தை வேறு தாளில் வைக்கவேண்டும். ஒவ்வொரு நிரலும் எதைக் குறிக்கிறது, ரூபாவா, கிலோவா, நூற்றுவீதமா என்பதை இன்னொரு தாளில் விளக்கி வைக்கவேண்டும். இவையனைத்தையும் மூலக் கோப்பில் கைவைக்காமல் அதன் பிரதியிலேயே செய்யவேண்டும்.

நம் நாட்டுக்கும் நம் மொழிக்கும் உரிய சிக்கல்கள் வேறு. 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை எண்ணாகத் தட்டினால் முதற் பூச்சியம் மறைந்துவிடும். அந்நிரலை முன்கூட்டியே எழுத்து வகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் அது மார்ச் 4. ஆண்டை முதலில் எழுதி 2025-04-03 என்று இட்டால் ஐயமில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் பல பாடசாலைகளில் இருக்கின்றன. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால் உதவியாளருக்கு அது அர்த்தமற்ற எழுத்துக் கூட்டம்.

நமது பெயர்களோ இன்னொரு கதை. முஹம்மது, முஹம்மத், முகம்மது என ஒருவரே மூன்று பட்டியல்களில் மூன்று பேராகிவிடுவார். அதேவேளை ஒரே வகுப்பில் நான்கு பாத்திமாக்கள் ஒருவராகிவிடும் அபாயமும் உண்டு. பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காணாது, சேர்விலக்கம் போன்ற தனித்த இலக்கம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் இடுவதே பாதுகாப்பு.

இவை சிறு பிழைகள்தாமே என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் பழைய வகை எக்செல் கோப்பைப் பயன்படுத்தியது. அந்த வகைத் தாளில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. அதனால் 15,841 கொவிட் தொற்றாளரின் விபரம் நாளாந்தக் கணக்கில் சேராமற் போக, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமானது. எக்செல் சில மரபணுப் பெயர்களைத் திகதி என எண்ணி மாற்றிக்கொண்டே இருந்தமையால், விஞ்ஞானிகள் இறுதியில் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

இன்னொரு சம்பவம் மாணவியருக்கு ஊக்கம் தரக்கூடியது. அரச கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி ரைன்ஹார்ட், ரோகொஃப் ஆகிய இரு புகழ்பெற்ற பொருளியலாளர் 2010 இல் எழுதிய கட்டுரை பல நாடுகளின் செலவுக் குறைப்பு வாதங்களுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2013 இல் அதன் விரிதாளைப் பரிசீலித்த தோமஸ் ஹேர்ன்டன், 20 நாடுகளில் 5 நாடுகள் சராசரிச் சூத்திரத்துக்குள் வரவில்லை என்பதையும் வேறு குறைகளையும் கண்டுபிடித்தார். அவர் அப்போது ஒரு பட்டப்பின் படிப்பு மாணவர். ஒவ்வொரு நிரையாகப் பார்க்கும் பொறுமையே அவருக்குத் துணைநின்றது.

"துப்புரவாக்கும் வேலையையும் உதவியாளரிடமே கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடைவெளிகளை நீக்கவும், திகதிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரவும் அது நன்றாகவே உதவும். ஆயினும் ஒரு கலம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மாணவி வரவில்லையா, விடைத்தாள் கிடைக்கவில்லையா, எழுத மறந்தோமா? இதற்கு விடை பட்டியலை எழுதியவரிடம் மட்டுமே உண்டு. கல் பொறுக்காத அரிசியை எந்த அடுப்பில் வைத்தாலும் சோற்றில் கல் கடிபடத்தான் செய்யும்.

பதில் வந்த பின்பும் வேலை முடிவதில்லை. மொழி உதவியாளர்கள் அடுத்துவரும் சொல்லை ஊகித்து எழுதுபவை. பெரிய கூட்டலில் தவறியும் அதே உறுதியான தொனியில் பேசுபவை. எனவே விடையை மட்டும் கேளாது, அதற்கான சூத்திரத்தைக் கேட்டு விரிதாளிலேயே இட்டுப் பார்க்கவேண்டும். ஐந்து நிரைகளையாவது கையால் கூட்டிச் சரிபார்க்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் ஒரு மனிதர். உலர் உணவுப் பொதி பெறும் குடும்பங்கள், கல்வி உதவி கோரிய மாணவியர், கணவரை இழந்த தாய்மார் ஆகியோரின் பட்டியல்கள் இன்று ஊர்ச் சங்கங்களில் விரிதாள்களாக இருக்கின்றன. அவர்கள் தம் வறுமையைச் சொன்னது உதவிக்காக. இணைய நிறுவனம் ஒன்றின் கணினிக்குப் போய்ச் சேர்வதற்காக அல்ல. தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்தே ஒருவரின் பிறந்த நாளையும் அவர் பெண் என்பதையும் அறிந்துவிடலாம்; பெண்களுக்கு அதில் நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, முகவரி ஆகிய நிரல்களை நீக்கி, வெறும் தொடரிலக்கத்துடன் மட்டுமே எதையும் கொடுக்கவேண்டும். சில பட்டியல்களைக் கொடுக்காமலே விடவேண்டும். நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் சட்டம் வருமுன்பே, பிறர் நம்மிடம் ஒப்படைத்ததை அமானிதம் என்று சொல்லப் பழகியவர்கள் நாம்.

மாணவச் சகோதரிகளே, நாளை ஒரு வைத்தியசாலையிலோ வங்கியிலோ பாடசாலையிலோ நீங்கள் தயாரிக்கும் பட்டியலை வைத்தே யாருக்கு எது கிடைக்கும் என்பது தீர்மானிக்கப்படலாம். ஒழுங்கற்ற ஒரு நிரையால் உதவி கிடைக்காமற் போகும் குடும்பத்துக்கு, தவறு எங்கே நேர்ந்தது என்பதுகூடத் தெரியவராது.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் இந்தக் கருவி இருப்பதை எண்ணி அஞ்சவேண்டாம். அதைத் தனியே விட்டுவிடவும் வேண்டாம். மூன்று மாத மின்சாரப் பட்டியல்களையும் வீட்டுச் செலவுக் கொப்பியையும் மகளிடம் கொடுத்து, ஓர் அட்டவணை தயாரிக்கச் சொல்லுங்கள். "இந்த எண் எங்கிருந்து வந்தது மகள்?" என்று ஒவ்வொரு நிரலுக்கும் கேளுங்கள். அதற்கு அவள் பதில் சொல்லக்கூடியவளானால், பிறகு எந்த உதவியாளரிடமும் அவள் தயங்காமல் கேள்வி கேட்கலாம்.