ஊசி எண்ணிய நாள்கள்

மார்கழி, தைக் குளிரில் வங்காளத்துச் சிற்றூர்களில் கடுகு வயல்கள் மஞ்சளாய்ப் பூத்திருக்கும். விருந்தாக வரும் உறவினருக்குப் புது ஈச்ச வெல்லப் பலகாரமும், போர்த்திக்கொள்ளக் காந்தாவும் காத்திருக்கும். பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலைக் கொண்டே பெண்கள் தைக்கும் போர்வை அது. துணிக்குச் செலவில்லை, உழைப்போ பல மாதம்.

வீட்டுக்குள் இருந்த அக்கலை இன்று கண்காட்சிகளில் விற்பனைக்கும் வருகிறது. 2008-இல் நக்‌ஷி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். தைத்தவரின் கூலியைக் காப்பது வாங்குவோரின் பொறுப்பு. துணியின் விலையை மட்டும் மதிப்பிட்டுப் பேரம் பேசுவது அரைக்கணக்கே. ஊசி ஏறி இறங்கிய நாள்களையும் சேர்த்தெண்ணி விலை கொடுப்போம். அதுவே முழுக்கணக்கு என்பது, நாள்தோறும் கணக்கோடு பழகும் எங்கள் கருத்து.