சைலன்சரை மாற்றினால் இழுவை கூடுமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் செங்கம் சாலையில் இருக்கிறது. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையும் அந்த வழியாகத்தான் போகிறது. மக்கள் வெறுங்காலோடு நடக்கும் அந்தச் சாலையில் சரக்கு ஏற்றிய டீசல் பிக்கப் வண்டிகளும் ஓடுகின்றன.

வண்டிக்காரர்கள் சிலர் சைலன்சரைக் கழற்றி வேறு மாட்டுகிறார்கள். "இழுவை கூடும்" என்பது அவர்கள் நினைப்பு. கூடுமா?

உள்ளே என்ன இருக்கிறது?

சைலன்சருக்குள் ஓட்டை போட்ட குழாய்களும் சின்னச் சின்ன அறைகளும் உண்டு. என்ஜின் சத்தம் அவற்றில் மோதி மோதி அடங்கி விடும். அதை எடுத்து விட்டால் சத்தம்தான் கூடும். இழுவை பெரிதாகக் கூடாது.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில், புகையில் உள்ள கரியைப் பிடிக்க வடிகட்டியும் உண்டு. அதை அறுத்து எறிந்தால், கரி முழுவதும் நடப்பவர்களின் மூச்சில் ஏறும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது.

தண்டனை என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி, சத்தமும் புகையும் அளவுக்கு மீறினால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 3 மாதம் லைசென்சும் போய் விடும். ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் வீட்டில் அந்த 3 மாதமும் அடுப்பு எரிவது எப்படி?

இழுவை குறைந்தால் முதலில் ஏர் பில்டரையும் டீசல் பில்டரையும் பாருங்கள். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானால், அந்த வண்டிக்கு உரியதையே வாங்கி மாட்டுங்கள்.