பதினேழு வளைவும் ஒரு மாத்திரையும்

விடியற்காலை ஐந்து மணிக்கே போடிநாயக்கனூர் விழித்துக்கொண்டுவிடுகிறது. ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளியும் கையுமாக ஜீப்பில் ஏறுகிறார்கள். சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு, அப்படி ஒரு ஜீப்பில் எனக்கும் முன்னால் ஓர் இடம் கிடைத்தது.

முந்தல் தாண்டினால் மலைதான். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவில் டிரைவர் ஒரு கொட்டாவி விட்டார். எட்டாவதில் இன்னொன்று. பின்னால் பெண்கள் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குலதெய்வத்துக்கு மனசுக்குள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

போடிமெட்டு டீக்கடையில் மெல்ல விசாரித்தேன்.

"ராத்திரி தூக்கமில்லையா, தம்பி?"

"தூக்கந்தாண்ணே இப்ப வியாதியே! சில நாள் பன்னெண்டாவது வளைவு எப்பப் போச்சுன்னே தெரியறதில்ல."

மழை நாளில் ஒரு பாறை உருண்டு, வண்டிக்கு முன்னால் விழுந்ததாம். ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று முதல் ஸ்டியரிங்கைத் தொட்டாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இரவில் கண் மூடாது. டாக்டர் அல்பிரஸோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். படபடப்பு போயிற்று, தூக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"டிரைவர் வேலை என்று டாக்டரிடம் சொன்னீர்களா?"

"சொன்னா வண்டி ஓட்டாதேம்பாரு. கஞ்சிக்கு என்ன செய்யிறது? அதான், இன்னையோட மாத்திரைக்குத் தலைமுழுகிரலாம்னு இருக்கேன்."

எனக்குக் கொட்டாவியை விட இந்தப் பதில்தான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

இந்த மாத்திரை என்னதான் செய்கிறது? நம் மூளையில் முடுக்கிவிடும் ரசாயனமும் உண்டு. அடக்கிவைக்கும் ரசாயனமும் உண்டு. அடக்குவதற்குக் 'காபா' என்று பெயர். அது போய்த் தொட்டதும் நரம்பு அணுவில் ஒரு சிறு கதவு திறக்கிறது. குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன, அணு அடங்குகிறது. மாத்திரை தானாகப் பிரேக்கை மிதிப்பதில்லை. மிதிக்கிற காலுக்குப் பலம் கொடுக்கிறது, அவ்வளவே. 1960-இல் லிப்ரியமும் 1963-இல் வாலியமும் சந்தைக்கு வந்தன. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்த அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அல்பிரஸோலமும்.

சங்கடம் என்னவென்றால், பயம் எங்கே, விழிப்பு எங்கே என்று மாத்திரைக்கு விலாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அடக்குகிறது. கணக்கையும் பாருங்கள். அல்பிரஸோலம் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 11 மணி நேரம் ஆகும். இரவு பதினொன்றுக்கு விழுங்கினால், காலை ஐந்து மணிக்குப் பாதிக்கு மேல் ரத்தத்திலேயே இருக்கும். வாலியமோ நாட்கணக்கில் தங்கும். முதியவர்களுக்கு இன்னும் தாமதமாகும். அவர்கள் தடுமாறி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் டிரைவர், பனிக்குளிருக்கு வந்த ஜலதோஷத்துக்காக வேறு ஒரு தும்மல் மாத்திரையும் போட்டிருந்தார். அந்த ரகத்தில் பலவும் தூக்கம் தருபவை. மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். காபி குடித்தால் சரியாகிவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. கண் திறந்திருக்கும், கை தாமதிக்கும்.

அதற்காக, பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தலாமா? கூடவே கூடாது. பழகிப்போன மூளை சீறி எழும். பழைய படபடப்பு இரட்டிப்பாகும்; கை நடுங்கும்; வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதும் தப்பு; இது பழக்கமாகிவிடும் மருந்து. 2014 முதல் நம் நாட்டில் கடைக்காரர் இதற்குத் தனிப் பதிவேடு வைக்கவேண்டும் என்று சட்டம் இருப்பது அதனால்தான்.

பின்னே வழி? வேலை என்ன, எத்தனை மணிக்கு எழவேண்டும், வேறு என்ன மாத்திரை உண்டு என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்வதே முதல் வழி. அவர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், எஸ்ஸிடலோப்ராம் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். அது பலன் தரச் சில வாரம் பிடிக்கும். ஆனால் இந்த அளவுக்குத் தூங்கவைக்காது. புது மருந்தோ புது அளவோ ஆரம்பித்தால், உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரிகிறவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

"ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் சலித்துத் தரம் பிரிக்கிற ஊர்க்காரர் நீங்கள். மில்லிகிராம் கணக்கில் இருக்கும் மருந்தை இஷ்டத்துக்கு விடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அன்று அங்கிருந்து வண்டியை ஓட்டியது அவருடைய சிநேகிதர்.

போன வாரம் டெலிபோனில் பேசினார். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, மருந்தை மாற்றிக்கொண்டாராம். மூன்று வாரம் வண்டி ஓட்டவில்லை, கைக்காசும் கரைந்தது. டாக்டர் சரி என்ற பிறகுதான் மறுபடி ஏறியிருக்கிறார்.

"இப்ப எப்படி, தம்பி?"

"பதினேழும் கணக்குக்கு வருதுண்ணே!"