வேலியோரப் பூவுக்கு வெளிநாட்டு விதை எதற்கு?

ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் பூக்கும் செடி வேண்டும் என்று தேடுவோர் கண்ணில் முதலில் படுவது, ஐரோப்பியத் தோட்டங்களின் நீல மணிப்பூவான 'கம்பனுலா'. விதையை வாங்கும் முன் சற்று யோசியுங்கள். தோட்ட ஓரத்துக்கு விற்கப்படும் பல்லாண்டு ரகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் செடிகள். பனிக்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் துளிர்ப்பது அவற்றின் இயல்பு. கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலை அவை தாங்குவது கடினம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இரவு குளிர்ந்தாலும், அவை கேட்கும் நீண்ட கடுங்குளிர் அங்கும் இல்லை.

நமக்குத் தேவை கோடையில் உறங்கும் செடி. அதுதான் நம் மாநில மலரான செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். கோடையில் கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருக்கும். மழை கண்டதும் முளைக்கும்.

ஆனி, ஆடியில் நடுங்கள். வடிகால் உள்ள செம்மண் போதும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து, ஓர் அடி இடைவெளியில், மூன்று அங்குல ஆழத்தில் வையுங்கள். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கவை வீண். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் என்பதால் கிளுவை வேலி நல்ல துணை. புரட்டாசி முதல் பூக்களைப் பார்க்கலாம். மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறும்.

ஓர் எச்சரிக்கை: செடி முழுவதிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் நடமாடும் இடத்தில் இதை நடவே வேண்டாம். கையுறை அணிந்தே கிழங்கைத் தொடுங்கள். வள்ளிக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள்.

இன்னொன்று, காட்டில் தோண்டிய கிழங்கை வாங்காதீர்கள். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம்; தாய்க்கிழங்கு போனால் அந்த இடத்தில் கொடியும் போய்விடும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். அத்தகைய வயல்களின் கிழங்கைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டக்கலைத் துறைக்கும் ஒரு யோசனை. கல்வராயன் மலை விவசாயிகளைக் கொண்டே காந்தள் கிழங்கு நாற்றங்கால் அமைக்கலாம். தோண்டி விற்பதைவிட வளர்த்து விற்பது லாபம் என்றானால், காட்டுக் காந்தளும் பிழைக்கும்.