சாலையும் உயிரும்

மனிதனின் அரிய படைப்புகளுள் சாலையும் ஒன்று. ஊரோடு ஊரை இணைப்பது அது. உழவன் விளைத்ததைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பதும், மாணவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் அதுவே. வாழ்விக்க எழுந்த அச்சாலையே இன்று உயிரை வாங்கும் களமாகவும் மாறியுள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். நிமிடந்தோறும் இருவருக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது இதன் பொருள். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளோரின் சாவுக்குக் காரணமானவற்றுள் முதலிடம் பெறுவது கொடிய நோயன்று, சாலை விபத்தே.

இத்துயரைக் கண்டு, ‘எல்லாம் விதி’ என்று பெருமூச்சு விடுவோர் உளர். ‘ஓட்டுபவரின் கவனக்குறைவே காரணம், அரசு என்ன செய்யும்?’ என்று கேட்போரும் உளர். முன்னது உண்மையன்று, பின்னது முழு உண்மையன்று. கவனம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எத்துணைக் கவனமுடையவரும் ஒரு கணம் தவறுதல் இயல்பு. அந்த ஒரு கணத் தவற்றுக்கு உயிரையே விலையாகக் கேட்கும் சாலை நல்ல சாலை ஆகுமா?

இவ்வினாவுக்கு விடை காண முற்பட்ட நாடு சுவீடன். சாலையில் எவரும் இறத்தலும் கூடாது, கொடுங்காயம் அடைதலும் கூடாது என்னும் நோக்கத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 1997 ஆம் ஆண்டில் ஏற்றது. மனிதன் தவறுவான், அவன் உடலோ மெல்லியது. இவ்விரண்டையும் கருத்திற் கொண்டே சாலை அமைய வேண்டும் என்று அந்நாட்டினர் துணிந்தனர். எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதபடி, நெடுஞ்சாலைகள் பலவற்றின் நடுவே கம்பிவட வேலி அமைத்தனர். சந்திப்புகள் பலவற்றில் வட்டத் திடல் அமைத்து, வண்டிகள் மெல்லச் சுற்றிச் செல்லுமாறு செய்தனர். மக்கள் நடமாடும் தெருக்களில் வேகத்தைக் குறைத்தனர். வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது அறிவியல் கூறும் உண்மை அன்றோ? 1997 இல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 500 பேருக்கு மேல். 2019 இல் அத்தொகை 221 ஆகக் குறைந்தது.

‘சுவீடன் செல்வம் மிக்க நாடு; எளிய நாடுகள் என்ன செய்யும்?’ என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு வியட்நாம் விடை கூறும். இருசக்கர மோட்டார் வண்டிகள் மலிந்த நாடு அது. 2007 டிசம்பரில், அவ்வண்டிகளில் செல்வோர் அனைவரும் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. காவலர் அதனை உறுதியுடன் செயற்படுத்தினர். சின்னாட்களிலேயே நகரத் தெருக்களில் பெரும்பாலோர் தலைக்கவசத்துடன் காணப்பட்டனர், தலைக்காயங்களும் குறைந்தன. செல்வத்தினும் உறுதியே இங்கு வேண்டப்படுவது என்பதை இஃது உணர்த்துகிறது.

எனினும், ஒரு நாடு தனித்து நின்று முழுப்பயன் பெறல் அரிது. வண்டிகள் ஒரு நாட்டில் செய்யப்பட்டு மற்றொரு நாட்டில் ஓடுகின்றன. செல்வ நாடுகளில் ஓடித் தேய்ந்த பழைய வண்டிகள் எளிய நாடுகளுக்கு விற்கப்படுகின்றன. ஒரே பெயர் கொண்ட வண்டி, ஒரு நாட்டில் காப்புக் கருவிகள் நிறைந்தும், மற்றொரு நாட்டில் அவை குறைந்தும் விற்கப்பட்டதுண்டு. உயிரின் மதிப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுமோ? உலகின் சாலைச் சாவுகளுள் நூற்றுக்கு 92, வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் நிகழ்கின்றன. ஆதலின், வண்டிகளின் தரம் உலகெங்கும் ஒன்றாதல் வேண்டும்.

அறிவைப் பகிர்ந்துகொள்ளுதலின் பயனுக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1959 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், மார்பையும் இடுப்பையும் பிணைக்கும் இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அந்நிறுவனம் அதன் உரிமையைத் தனக்கென வைத்துக்கொள்ளாது, பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றவர்.

நாடுகளும் கைகோத்துச் செயற்படத் தொடங்கியுள்ளன. சாலை விதிகளும் குறியீடுகளும் நாடெங்கும் ஒத்திருத்தற்கு 1968 இல் வியன்னா நகரில் உடன்பாடுகள் செய்யப்பட்டன. 2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டில் சாலைச் சாவுகளையும் காயங்களையும் பாதியாகக் குறைத்தல் வேண்டும் என ஐக்கிய நாடுகள் அவை இலக்கு வகுத்துள்ளது. ஆனால், 2010 முதல் 2021 வரை சாவுகள் குறைந்தது நூற்றுக்கு 5 அளவே. தீர்மானம் எழுதுதல் எளிது. அதனைத் தெருவிற்குக் கொண்டுவருதலே அரிது. நிதியும், நேர்மையான சட்டக் காவலும், எளிய நாடுகளுக்கு வல்ல நாடுகளின் துணையும் இருந்தாலன்றி அவ்விலக்கு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

மாணவர்களே! பெரியம்மையை உலக நாடுகள் ஒன்றுகூடி ஒழித்தன. 1980 இல் அந்நோய் அறவே நீங்கியது என்று அறிவிக்கப்பட்டது. அதனையும் ஒரு காலத்தில் மக்கள் விதி என்றே எண்ணினர். சாலைச் சாவும் அத்தகையதே. நாளை நீங்கள் வண்டி ஓட்டுவீர்கள். உங்களுட் சிலர் சாலை அமைப்பீர்கள். சிலர் சட்டம் இயற்றுவீர்கள். விபத்தை விதி என்று விட்டுவிடாது, தடுக்கத்தக்க தீங்கு என்று கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் புறப்பட்டவர் நலமே வீடு திரும்புதல் வேண்டும். அதற்கு வழி செய்யும் நாடே நாகரிக நாடு.