அயலூரில் ஓடுவோர்

கடல் கடந்து செல்லும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுங்கால் மிளகாய்த்தூளையும் கம்பளிச் சட்டையையும் மறவாது வைக்கின்றோம். அவன் ஓட்டத்தில் விருப்புடையவனாயின், அப்பெட்டியின் ஒரு மூலையில் ஒரு சோடி சப்பாத்தைத் தானே செருகிக் கொள்வான். "படிக்கப் போகின்றவனுக்கு ஓட்டம் எதற்கு?" என்று வினவும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவ்வினாவுக்கு விடை தேடுதலே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அந்நிய நகரொன்றிற் புதிதாய்க் குடிபுகுந்தவனுக்குப் பெரும்பாலான கதவுகள் அடைபட்டே இருக்கும். நாடகம் பார்க்க மொழி வேண்டும்; விருந்துக்குச் செல்ல அறிமுகம் வேண்டும்; உணவுச்சாலைக்குட் புகப் பணம் வேண்டும். ஓடுவதற்கு இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. சுரங்க இரயிலிற் செல்வோன் நகரைத் துண்டு துண்டாகவே காண்பான். இரு நிலையங்களுக்கு இடைப்பட்டதெல்லாம் அவனுக்கு இருட்டு. ஓடுவோனோ, எந்தத் தெரு எங்கே மேடேறுகின்றது, எந்தப் பாலத்திற் காற்று முகத்தில் அறைகின்றது, எந்தப் பேக்கரியில் விடியுமுன் விளக்கெரிகின்றது என்பவற்றை ஒரு மாதத்துள் அறிந்துவிடுவான்.

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவைப் பாருங்கள். அங்கே சக்கரவர்த்தியின் அரண்மனையைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீளமான பாதையொன்று உண்டு. போக்குவரத்து விளக்குக்காக நிற்க வேண்டாதபடி அமைந்த அப்பாதையில் யாவரும் இடஞ்சுழியாகவே ஓடுதல் வழக்கம். அயலிலுள்ள பொதுக் குளிப்பறைகளில் உடைமைகளை வைத்துவிட்டு ஓடி, மீண்டு வந்து வெந்நீரில் மூழ்கிக் களைப்பாறுவோர் பலர். யப்பானிய மொழியில் ஓரெழுத்தும் அறியாதவன்கூட முதல் நாளே இவ்வழக்கத்தைக் கண்ணாற் கண்டு கற்றுக்கொள்வான்.

ஆயினும், இதில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தல் முறையன்று. ஓட்டம் நகரத்தை அறிமுகஞ் செய்யுமேயன்றி, மனிதரை அறிமுகஞ் செய்யாது. காலையில் ஐம்பது பேரைக் கடந்து ஓடுபவன், அவ்வைம்பது பேரில் ஒருவரையும் அறியாதவனாகவே தன் அறைக்கு மீள்கின்றான். ஒருநாள் அவன் வாராதொழியின் "எங்கே ஆளைக் காணோம்?" என்று கேட்பார் இல்லை. தாயகம் நீங்கியவனை உண்மையில் வாட்டுவது குளிரன்று. தன் இன்மையை எவரும் உணராத இந்நிலையே.

கெனியா நாட்டினரான டக்ளஸ் வாக்கிகூரி என்பார் 1983ஆம் ஆண்டு யப்பான் சென்று, நக்கமுரா கியோஷி என்னும் கண்டிப்பு மிக்க ஆசானிடம் பயிற்சி பெற்றார். கறித்தூள் செய்யும் கம்பெனியொன்றின் ஓட்டக் குழுவிலும் இடம் பெற்றார். 1987இல் உரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியின் மரதன் ஓட்டத்தில் முதலிடமும், 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் இரண்டாமிடமும் அவரைச் சேர்ந்தன. முதலில் ஆசானும், அவர் 1985இல் மறைந்தபின் குழுவினரும் அவரை எதிர்பார்த்திருந்தனர். பகலில் தொழிலும் இரவிற் படிப்புமாகக் காலங்கழிக்கும் சாதாரணப் பிள்ளையை எதிர்பார்த்திருப்பார் யார்?

இவ்விடத்தில் மற்றொரு புலம்பெயர்ந்தவரின் வரலாறு நமக்குப் பயன்படும். அவர் பெயர் போல் சின்ரன்-ஹியூவிற். இன்று சிம்பாப்வே எனப்படும் அன்றைய ரொடீசியாவில் 1960இற் பிறந்து, தென்னாபிரிக்காவில் வளர்ந்து, இங்கிலாந்திற் குடியேறியவர். ஓட்டத்திற் பெருவிருப்பினரான அவருக்கு 2004இல் வேலையும் போயிற்று. காயத்தினால் ஓடவும் இயலாதாயிற்று. ஓட்டம் நின்றால் ஓட்டத்தால் வந்த தோழமையும் நின்றுவிடுமல்லவா? அதைக் காக்க அவர் கண்ட உபாயமே விந்தையானது. ஓடமாட்டாத அவர், பிறரை ஓட வருமாறு அழைத்தார்!

இலண்டனின் தென்மேற்கே, ஹம்ரன் கோட் அரண்மனையை அடுத்து, மான்கள் மேயும் புஷி பூங்கா உண்டு. பரப்பு ஏறக்குறைய 1,100 ஏக்கர். 2004 ஒக்ரோபர் 2ஆந் திகதி சனிக்கிழமை காலை 13 பேர் அங்கே 5 கிலோமீற்றர் ஓடினர். அவரும் சில நண்பரும் நின்று நேரங் குறித்தனர். இரும்புக் கடையில் வாங்கிய வாசர் வளையங்களில் இலக்கம் பொறித்து, ஓடி முடித்தோர்க்கு வரிசைப்படி வழங்கினர். கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அவ்வாறே. 2007இல் விம்பிள்டனிலும் இவ்வோட்டம் தொடங்கிற்று. பின்னர் 'பார்க்ரன்' என்னும் பெயருடன் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிற் பரவியுள்ளது. ஒருமுறை பெயர் பதிந்தவர் அவற்றுள் எங்கும் கட்டணமின்றி ஓடலாம், நடக்கவுஞ் செய்யலாம். ஓட விரும்பாதார் நேரங் குறிக்கும் தொண்டு புரியலாம். 2014இல் அவருக்குப் பிரித்தானியாவின் சி.பி.ஈ. விருது வழங்கப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? அயலூரில் ஓடுவோனுக்கு வேகத்தினும் இன்றியமையாதது, முடிவுக் கோட்டில் அவன் பெயரைக் குறிக்க ஒருவர் நிற்றலாம். அத்தகையார் ஒருவரும் இல்லையாயின், முதலிற் தானே சென்று பிறர்க்காக நிற்கலாம். நிற்பவனுக்கும் தோழர் கிடைப்பர்.

செல்லும் பிள்ளைகட்குச் சில சொற்கள். மார்கழியில் இலண்டனிலே காலை எட்டு மணியளவிற்றான் ஞாயிறு எழும். மாலை நான்கு மணிக்குமுன் மறைந்துவிடும். ஆதலின், ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டையின்றி ஓடற்க. நடைபாதையில்லாத தெருவில் வாகனங்களை எதிர்நோக்கி ஓடுக. இங்கிலாந்திலும் யப்பானிலும் நம் நாட்டிற்போல வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும். பாரிசிலும் ரொறன்ரோவிலும் வலப்புறமாகச் செல்லும். தெருவைக் கடக்குமுன் முதலிற் பார்க்கவேண்டிய திசையும் அதற்கேற்ப மாறும். முகவரியும் உற்றார் ஒருவரின் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டொன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

பெற்றோர்க்கு ஒன்றே ஒன்று. பிள்ளை தொலைபேசியிற் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்கின்றீர்கள், கேளுங்கள். அதனோடு, "இக்கிழமை யாரோடு ஓடினாய்?" என்றும் கேளுங்கள். விடையில் ஒரு பெயர் வருமாயின், அன்றிரவு நீங்கள் கவலையின்றி உறங்கலாம்.